சி மொழி நூலகமும் அதன் உரைகல்லும்

பொன்னின் மாற்றினைக் காண்பதற்கு உரைகல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அவ்வுரைகல்லே போலியாயிருப்பின் யாது நிகழும்? பித்தளையும் பொன்னென்று விலைபோகும். நற்பொன்னும் பித்தளையென்று தள்ளுண்ணும். பொன் கெட்டதனால் வரும் நட்டம் ஒரு நகையோடு முடியும். உரைகல் கெட்டதனால் வரும் நட்டமோ அக்கல்லில் உரைத்த நகைகள் அனைத்தையும் ஐயத்திற்கு இடமாக்கும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடமும் இத்தகைய உரைகல் ஒன்று உண்டு. அலகுச் சோதனைச் சட்டகம் என்பது அதன் பெயர். அதனைச் செம்மை செய்யும் முறையினை மெய்யான ஓர் எடுத்துக்காட்டினைக் கொண்டு ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

அலகுச் சோதனை யாது?

சி என்பது 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் ஆக்கிய நிரல்மொழி. அம்மொழியில் ஒரு குறித்த வேலையைச் செய்யுமாறு எழுதப்பெறும் பகுதிக்குச் செயற்கூறு என்று பெயர். பல நிரல்களும் பொதுவாக எடுத்தாளத்தக்க செயற்கூறுகளைத் தொகுத்து வைத்திருப்பதே நூலகம் எனப்படும். புத்தகசாலையில் ஒரு நூலைப் பலரும் படிப்பதுபோல, இந்நூலகத்தில் உள்ள ஒரு செயற்கூற்றைப் பல்லாயிரம் நிரல்கள் பயன்படுத்தும். ஆதலின் அதில் உள்ள ஒரு சிறு பிழையும் அத்தனை நிரல்களிலும் சென்று பரவும்.

செயற்கூறு ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இன்ன உள்ளீட்டிற்கு இன்ன விடை வரவேண்டும் என்று முன்னரே வரையறுத்து, வரும் விடையை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அலகுச் சோதனை. இச்சோதனைகளை வரிசையாக ஓட்டி, முடிவுகளைத் திரட்டி அறிவிக்கும் கருவியே சட்டகம். 1994-ஆம் ஆண்டில் கென்ட் பெக் என்பார் ஸ்மால்டாக் மொழிக்கு இத்தகைய சட்டகம் ஒன்றனை வகுத்து வெளியிட்டார். 1997-இல் அவரும் எரிக் காமா என்பவரும் சேர்ந்து ஜாவா மொழிக்கு ஜேயூனிட் என்னும் சட்டகத்தை ஆக்கினர். அதன்பின் இம்முறை ஏனைய மொழிகளிலும் விரைந்து பரவிற்று.

சி மொழியிலோ இவ்வேலை அத்துணை எளிதன்று. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தவறான முகவரியைச் செயற்கூறு தொட்டால் அது மட்டும் வீழ்வதில்லை. அதனைச் சோதிக்கும் நிரலும் உடன் வீழ்கின்றது. இரண்டாவது, நினைவகத்தின் எல்லையைத் தாண்டினாலும் மொழி தானாக எச்சரிப்பதில்லை. தற்செயலாகச் சரியான விடையே வந்துவிடுதலும் உண்டு. மூன்றாவது, நிரலில் உள்ள சோதனைகள் எவையெவை என்று மொழியே தேடிக் கண்டு சொல்வதில்லை. எழுதுவோர்தாம் பட்டியலிட்டுக் கொடுத்தல் வேண்டும். இம்மூன்றினையும் கருதாது அமைத்த சட்டகம் நம்பத்தக்கதன்று.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

இதன் உண்மையை நாம் நம் கணிப்பொறிக் கூடத்திலேயே ஒருமுறை கண்டறிந்தோம். கொடுத்த பைட் ஆங்கில எழுத்தைக் குறிப்பதா, அன்றா என்று கூறும் செயற்கூறு ஒன்றை எழுதுமாறு மாணவரைப் பணித்திருந்தோம். ஒரு பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை 256 வகைப்படும். ஆகவே 256 மதிப்புகளையும் கொடுத்துச் சோதித்து, தவறான விடைகளை எண்ணி, அவ்வெண்ணையே நிரலின் முடிவுக்குறியாகத் திருப்பித் தருமாறு ஒரு சிறு சட்டகத்தை நாமே எழுதினோம். முடிவுக்குறி சுழியாயின் வெற்றி, வேறெதுவாயினும் தோல்வி. இஃது யூனிக்ஸ் மரபு.

மாணவர் ஒருவருக்கு மூன்று விடைகள் தவறின. சட்டகம் தோல்வி என்றது. அது முறையே. மற்றொருவர்க்கு வெற்றி என்றது. அவரைப் பலர் முன்னிலையில் பாராட்டவும் செய்தோம். மறுநாள் காலை பாராட்டுப்பெற்ற அம்மாணவர் தாமே நம்மிடம் வந்து, “ஐயா, என் செயற்கூற்றில் நிபந்தனையைத் தலைகீழாக எழுதிவிட்டேன். எழுத்தை அன்று என்கிறது. அல்லாததை ஆம் என்கிறது. எல்லா விடையும் பிழை. நான் எவ்வாறு தேறினேன்?” என்று வினவினார்.

அவர் கூறியது மெய்யே. அவருடைய 256 விடைகளும் தவறு. நிரல் ஒன்று முடியும்போது அதன் முடிவுக்குறியில் கடைசி எட்டு பிட்டுகளே அதனை ஓட்டிய நிரலுக்குச் சென்று சேரும். 256 என்னும் எண்ணை இரும முறையில் எழுதினால் ஒன்றும் அதன்பின் எட்டுச் சுழிகளும் வரும். முன்னுள்ள ஒன்று கழிந்துபோக, எஞ்சியது சுழி, அஃதாவது வெற்றி! மூன்று பிழை செய்தவர் தோற்றார். முழுதும் பிழை செய்தவர் வென்றார். இக்குற்றம் மாணவர் இருவர் மீதும் இல்லை. உரைகல்லை ஆக்கிய நம்மீதே உள்ளது. அன்று முதற்கொண்டு, பெரிய நூலகங்களில் இவ்விடரை எங்ஙனம் விலக்கியுள்ளனர் என்று தேடிப் படிக்கலாயினோம்.

க்னூ சி நூலகத்தின் பழைய சட்டகம்

நாம் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு க்னூ சி நூலகம். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தின் ஒரு பகுதியாகத் தோன்றிய இது, இன்று லினக்ஸ் கணிப்பொறிகளிற் பெரும்பாலானவற்றிற்கு அடித்தளமாய் விளங்குகின்றது. நினைவகம் வாங்கித் தரும் மால்லாக், எழுத்துக்களை அச்சிடும் பிரிண்ட்எஃப், இணையப் பெயரை முகவரியாக மாற்றும் கெட்அட்ரின்ஃபோ முதலிய செயற்கூறுகள் எல்லாம் இதன்கண் உள்ளன.

இந்நூலகத்தின் சோதனைகள் நெடுங்காலம் ‘சோதனை எலும்புக்கூடு’ என்று பொருள்படும் பெயருடைய ஒரே கோப்பினைச் சார்ந்திருந்தன. ஒவ்வொரு சோதனை நிரலும் அக்கோப்பினைத் தன்னுட் சேர்த்துக்கொள்ளும். அதனிடத்து நன்மை இல்லாமலில்லை. சோதனையைத் தனியான சேய்நிரலாக ஓட்டி, தாய்நிரல் வெளியே நின்று காவல் புரிந்தது. ஆதலின் சேய் வீழ்ந்தாலும் தாய் பிழைத்திருந்து செய்தி கூறும். முடிவின்றிச் சுழலும் சோதனையைக் காலவரம்பு கடந்ததும் கொன்றுவிடவும் அதற்கு வகை இருந்தது.

குறைகளோ வேறிடத்தில் இருந்தன. ஒப்பிடுதலையும், பிழைச்செய்தி அச்சிடுதலையும், தோல்வியைக் குறித்துவைத்தலையும் சோதனை எழுதுவோர் ஒவ்வொருவரும் தத்தம் முறையிற் செய்யவேண்டியிருந்தது. ஒருவர் செய்தியை அச்சிட்டுவிட்டு, தோல்விக்குறியை இட மறந்தால் சோதனை வென்றதாகவே கணக்காகும். சோதனையே மற்றொரு சேய்நிரலைப் பிறப்பித்து, அங்கே பிழை நேர்ந்தால், அப்பிழை தாயின் செவிக்கு எட்டாமற் போதலும் கூடும். ஏனெனில் சேய்நிரல் பிறக்கும்போது தாயின் நினைவகத்தின் படியொன்றைப் பெறுகின்றதேயன்றி, அந்நினைவகத்தையே பெறுவதில்லை. சேய் தன் படியில் எழுதியதைத் தாய் காணாள்.

செம்மை செய்த வகை

இக்குறைகளை நீக்கும்பொருட்டு 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ‘துணை’ என்று பொருள்படும் பெயருடன் தனி அடைவு ஒன்று அந்நூலகத்தில் தொடங்கப்பெற்றது. 2017 பிப்ரவரியில் வெளிவந்த 2.25-ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. பின்வந்த ஆண்டுகளிலும் அது வளர்ந்துள்ளது. அதிற் கருதத்தக்க திருத்தங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பிழையைத் தெளிவாக உரைத்தல். ஒரு கூற்று மெய்யா என்று பார்க்கவும், இரண்டு எண்களை ஒப்பிடவும் தனித்தனி மேக்ரோக்கள் அமைந்தன. பிழை நேரின் கோப்பின் பெயர், வரியின் எண், ஒப்பிட்ட கோவைகளின் எழுத்துவடிவம், இருபுறத்து மதிப்புகள் ஆகிய அனைத்தும் தாமே அச்சாகும். இதனைச் செயற்கூறாக எழுதாமல் மேக்ரோவாக எழுதுவது ஏன் என்று மாணவர் வினவலாம். செயற்கூற்றிற்கு மதிப்பு மட்டுமே சென்று சேரும்; மேக்ரோவோ, எழுதிய கோவையின் சொற்களையே எழுத்துச்சரமாக்க வல்லது; அது நின்ற வரியின் எண்ணையும் அறியும். ஆயினும் மேக்ரோவில் ஓர் இடர் உண்டு. கோவையை இருமுறை எழுதினால் அஃது இருமுறை கணக்கிடப்பெறும். ஒன்று கூட்டவேண்டிய எண் இரண்டு கூடிவிடும். அதனால் மதிப்பை முதலில் ஒரு மாறியில் ஏற்றிக்கொண்டு, பின்னர் அம்மாறியையே ஒப்பிடுதல் வேண்டும்.

இரண்டாவது, தோல்வியை மறவாது குறித்துவைத்தல். இதுவே அச்சீர்திருத்தத்தின் உயிர்நாடி எனலாம். தோல்விகளின் கணக்கு, தாய்க்கும் சேய்க்கும் பொதுவான நினைவகப் பகுதியில் வைக்கப்பெற்றது. சோதனை தொடங்குமுன்னரே இப்பகுதி அமைந்துவிடும். எனவே எத்தலைமுறைச் சேய்நிரலில் பிழை நேரினும் அது பொதுக்கணக்கில் ஏறும். மேலும், அங்கே எண்ணிக்கை ஒன்று மட்டும் இல்லை. ‘தோல்வி நேர்ந்தது’ என்னும் அடையாளமும் தனியே உள்ளது. எண்ணிக்கை மிகப் பெருகித் தன் எல்லையைக் கடந்து மீண்டும் சுழியாய்விட்டாலும் அவ்வடையாளம் அழியாது. நம் கூடத்தில் நேர்ந்த இழுக்கிற்கு இதுவன்றோ மருந்து! சோதனை தானே ‘வென்றேன்’ என்று முடிவுக்குறி கொடுத்தாலும், கணக்கில் தோல்வி ஒன்று இருப்பின், சட்டகம் அதனைத் தோல்வி என்றே அறிவிக்கும்.

மூன்றாவது, காலவரம்பு. வேறு குறிப்பு இல்லாவிடின் ஒவ்வொரு சோதனைக்கும் 20 வினாடிகள் அளிக்கப்படும். வேகங் குறைந்த பொறிகளில் இவ்வரம்பைப் பெருக்கிக்கொள்ளச் சூழல்மாறி ஒன்று உண்டு. ஒவ்வொரு சோதனைக் கோப்பையும் திருத்த வேண்டுவதில்லை. இனி, பிழை எங்கேயென்று துருவி ஆராய விரும்புவோர், சேய்நிரலின்றி நேரே ஓட்டுமாறு கட்டளையிடவும் வழி வைத்துள்ளனர்.

நான்காவது, ‘இயலாது’ என்பதற்கு இடம் தருதல். முடிவுக்குறி 0 வெற்றி, 1 தோல்வி, 77 என்பது ‘இப்பொறியில் இதனைச் சோதிக்க இயலாது’ என்பதைக் குறிக்கும். தேவையான வசதி இயங்குதளத்தில் இல்லாதபோது சோதனையை வெற்றி என்றால் அது பொய். தோல்வி என்றால் அது பழி. அறியாததை அறியேன் என்று சொல்லும் நேர்மை மாந்தர்க்கு மட்டுமன்றிக் கருவிகளுக்கும் வேண்டப்படுவதே.

ஐந்தாவது, தற்செயலான வெற்றியைத் தடுத்தல். புதிதாகப் பெற்ற நினைவகத்தில் பெரும்பாலும் சுழிகளே கிடக்கும்; ஆதலின் தொடக்க மதிப்பிட மறந்த நிரலும் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றும். இச்சட்டகம் மால்லாக் தரும் நினைவகத்தைச் சுழியல்லாத மதிப்பினால் வேண்டுமென்றே நிரப்பிவிடுகின்றது. மறதி உடனே வெளிப்படும். மற்றொரு துணைக்கருவி, தரவினை நினைவகப் பக்கத்தின் கடைக்கோடியில் வைத்து, அடுத்த பக்கத்தைத் தொடவொண்ணாதபடி அடைத்துவிடும். செயற்கூறு எல்லைக்கு அப்பால் ஒரே ஒரு பைட் படித்தாலும் அங்கேயே வீழும். வரப்பை ஒட்டிக் கிணறு வெட்டி வைத்தாற்போன்றது இது. வரப்பைத் தாண்டினவன் தாண்டவில்லை என்று சாதிக்க முடியாது.

ஆறாவது, உரைகல்லையே உரைத்துப் பார்த்தல். தோல்வியைக் குறித்துவைக்கும் பகுதி சரியாக வேலைசெய்கின்றதா என்பதை அறியவும் தனிச் சோதனைகள் எழுதப்பெற்றுள்ளன. வேண்டுமென்றே தோல்வியை நிகழ்த்தி, சட்டகம் அதனைத் தோல்வி என்று கூறுகின்றதா என்று வெளியிலிருந்து ஒரு கட்டளைநிரல் சரிபார்க்கின்றது. வெற்றியை வெற்றி எனல் எளிது. தோல்வியைத் தோல்வி எனச் சொல்லும் ஆற்றலே சட்டகத்தின் தகுதியை அளக்கும் கோல்.

எட்டாண்டு மறைந்திருந்த பிழை

இத்துணை முயற்சியும் வேண்டுமோ என்று ஐயுறுவார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். இணையப் பெயரை முகவரியாக மாற்றும் கெட்அட்ரின்ஃபோ என்னும் செயற்கூற்றில் 2008-ஆம் ஆண்டில் ஒரு பிழை புகுந்தது. அவ்வாண்டில் வந்த 2.9-ஆம் பதிப்பு முதல் அது நூலகத்திலேயே இருந்தது. பெயர்வழங்கியிடமிருந்து வரும் விடைக்காக அச்செயற்கூறு அடுக்கு நினைவகத்தில் 2048 பைட் இடம் ஒதுக்கும். விடை அதனினும் பெரிதாயின் வேறிடத்தில் பெரிய இடம் வாங்கும். பழைய முகவரி வகைக்கும் புதிய முகவரி வகைக்கும் ஒருசேர வினா விடுக்கும் வழியில் கணக்குப் பிசகியது. சிற்சில நிலைமைகளில், பெரிய இடத்தின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு பழைய சிறிய இடத்திலேயே விடை எழுதப்பெற்றது. தீயோன் ஒருவன் அனுப்பும் விடை எல்லை கடந்து வழிந்து, கணிப்பொறியையே அவன் கைவசப்படுத்தவும் கூடும் என்னும் நிலை உண்டாயிற்று.

இப்பிழை 2015-ஆம் ஆண்டு ஜூலையில் நூலகத்தாரிடம் முறையிடப்பெற்றது. கூகுள், ரெட் ஹாட் ஆகிய நிறுவனத்தாரின் ஆராய்ச்சிக்குப்பின் 2016 பிப்ரவரி 16-ஆம் நாள் திருத்தத்துடன் வெளியிடப்பெற்றது. ஏறத்தாழ எட்டாண்டு அது மறைந்திருந்தமைக்குக் காரணம் யாது? நாள்தோறும் வரும் விடைகள் 2048 பைட்டுக்கு மிகக் குறைந்தவை. நல்ல பெயர்வழங்கியோடு மட்டும் பேசிப் பார்க்கும் சோதனை இப்பிழையை எஞ்ஞான்றும் காணாது. பொல்லாத பெயர்வழங்கி ஒன்றனை நாமே படைத்தால் அன்றோ காணலாம்?

2016-ஆம் ஆண்டின் முடிவில் அப்படைப்பும் துணை அடைவில் வந்து சேர்ந்தது. சோதனைநிரல் தன்னுள்ளேயே சிறிய பெயர்வழங்கிகளை இயக்கி, வினாவிற்குத் தான் விரும்பிய அளவிலும் வடிவிலும் விடை அளிக்கலாம். யூடிபி வழியாகவும் டிசிபி வழியாகவும் அளிக்கலாம். வெளியுலக இணையத்தின் உதவி வேண்டுவதில்லை. ஆகவே பிழையைத் திருத்துவதோடு அமையாது, அப்பிழையின் இனத்தவை வந்து ஒளிந்துகொள்ளும் இடத்திற்கே விளக்கேற்றி வைத்தார்கள் எனலாம்.

நாம் கற்றவை

இவற்றைப் படித்தபின் நம் கூடத்துச் சிறு சட்டகத்தை நாம் திருத்தியமைத்தோம். முடிவுக்குறியாக இனி எண்ணிக்கையைத் தருவதில்லை. சுழி அல்லது ஒன்று மட்டுமே. எண்ணிக்கை திரையில் அச்சாகும். ஒவ்வொரு தவறான விடைக்கும் கொடுத்த மதிப்பு, எதிர்பார்த்த விடை, வந்த விடை மூன்றும் வரும். இறுதியாக, சட்டகத்தையே சோதிக்கும்பொருட்டு, 0, 1, 255, 256, 257 என்னும் எண்ணிக்கையிற் பிழைகளை நாமே வேண்டுமென்று நிகழ்த்திப் பார்த்தோம். முதலதனை மட்டும் வெற்றி என்றும், எஞ்சிய நான்கினையும் தோல்வி என்றும் அது கூறிற்று. இவ்வைந்து எண்களைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவர் தம் பிழையைத் தாமே வந்து கூறிய அம்மாணவரே என்பதை மகிழ்ச்சியோடு ஈண்டுப் பதிவு செய்கின்றோம். மூன்று பிழை செய்தவர்க்கும் மற்றொரு முறை வாய்ப்பளித்தோம். அச்சான செய்திகளைக் கண்டு சில நிமிடங்களிலேயே அவர் தம் எல்லைக் குறியைத் திருத்திக்கொண்டார்.

இனி, சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. நிரற்சோதனையால் பிழை உண்டு என்பதை நிறுவலாமேயன்றி, இல்லை என்பதை நிறுவ இயலாது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு நாட்டு அறிஞர் 1970-ஆம் ஆண்டளவிலேயே வற்புறுத்தினார். எனவே செம்மையான சட்டகமும் செம்மையான சிந்தனைக்கு மாற்று அன்று. எனினும், சிந்தனை எங்கே தவறிற்று என்பதை அஞ்சாது எடுத்துக்காட்டும் நண்பன் அது.

மாணவ நண்பர்களே! நீவிர் எழுதும் நிரல் சிறிதாயினும், அதனைச் சோதிக்கும் கருவியை முதலிற் சோதித்துக்கொள்ளுங்கள். ‘எல்லாம் வெற்றி’ என்னும் செய்தி திரையில் தோன்றும்போது ஒருகணம் நின்று, ‘தோற்றிருந்தால் இது தோல்வி என்று சொல்லியிருக்குமா?’ என்று வினவுங்கள். ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது தோல்வி என்னும் சொல் வருமாயின், முன்பு வந்த வெற்றியை நம்பலாம். வாராவிடின், நிரலை ஒருபுறம் வைத்துவிட்டு, உரைகல்லை எடுத்துச் செம்மை செய்யுங்கள்.